கோடை ஏரியில் படகு ஓட்டியவருக்கு

786

கோடைக்கானல் பஜார்,
1935 அக்டோபர், ரஜப் மாதம்.

ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் பாய் விரித்து உலாவிக்கொண்டிருக்கும் ஜனாப் ஜலாலுதீன் ராவுத்தர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலம் விசாரிப்பது வழக்கம். அதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பதுதான் உங்கள் கடிதங்களில் வழிந்து ஓடுகிறதே.

இதுவரை நான் சொல்லச் சொல்ல இஸ்மாயில் அண்ணன்தான் உங்களுக்குக் கடிதம் எழுதினார். நான் காரமாகச் சொன்னதையெல்லாம் அவர் சர்க்கரை தடவி எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இப்படி ஒரு காரியம் செய்ய உங்களுக்குத் துணிச்சல் வந்திருக்காது. இது என் கையெழுத்து. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முத்தவல்லி உங்கள் கடிதத்தைப் பள்ளிவாசலில் எல்லோரும் கேட்கப் படித்திருக்கிறார். என் உயிரைக் காப்பாற்றிய அலாவுதீன் என்பவருக்கு என் மகள் ஆசியாவைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், அவர் கப்பலேறி வருகிறார், நிக்காஹ் முடித்து மகளை அவரோடு பர்மாவுக்கு அனுப்பிவையுங்கள், ஜமாஅத்தார் சாட்சி என்று எழுதியிருந்தீர்களாம். பெற்றவள் எனக்கு ஒரு வரி இல்லை. பூண்டியிலிருந்து பூண்டு மூட்டைக்குச் சாக்குத் தைக்கக் கொண்டுவரும் குப்பம்மாள்தான் எனக்குச் செய்தி சொன்னாள். “ஏத்தா, ஒம்மகளக் கப்பலேத்தப் போறியளாமே, அம்புட்டுத் தொலைவுக்கா?” என்று அவள் கேட்டபோது, வேறு யார் வீட்டுச் சங்கதியோ என்றுதான் நினைத்தேன். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் யார், வயது என்ன, மூத்த தாரம் உண்டா இல்லையா, ஒன்றும் தெரியாது. நல்லவர், சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படகு வைத்திருப்பது ஒரு தகுதி என்றால், உங்களைக் கட்டிக்கொண்ட நான் ராணியாக அல்லவா இருக்க வேண்டும்? நான் கோணி ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

உயிரைக் காப்பாற்றிய கதையையும் எழுதியிருந்தீர்களாம். அதைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் பல பேர் தாடியைத் தடவிக்கொண்டார்கள் என்று அண்ணன் சொன்னார். கடலோரத்து ஆற்றில் தண்ணீர் தினமும் ஏறும், தினமும் வற்றும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். உங்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஏழாயிரம் அடி மலை உச்சியில், அணை கட்டி நிறுத்திய ஏரியில், துரைமாரின் படகுக்குப் பாய் தைத்துக் கொடுத்துவிட்டு, பாய் சரியாக நிற்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஓட்டிப் பழகியவர் நீங்கள். காலையில் எந்தக் கல்லைத் தண்ணீர் தொட்டதோ சாயங்காலமும் அதே கல்லைத்தான் தொடும். பர்மாவுக்குப் போன பிறகும் இத்தனை நாள் மேலே புரோம் பக்கம்தான் ஓட்டினீர்கள். இந்த வருடம்தான் கடலோரத்துக்கு இறங்கினீர்கள். அதே நினைப்பில் ஏதோ ஓடைக்குள் புகுந்து, படகைக் கட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறீர்கள். விழித்துப் பார்த்தால் ஓடையைக் காணோம், சேறுதான் கிடக்கிறது. மறுபடி தண்ணீர் ஏறும்போது சாய்ந்து கிடந்த படகு நிமிரவில்லை. அந்த மனிதர் வந்து இழுத்தார், நானும் படகும் சேதமில்லாமல் பிழைத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தூங்கியவர் நீங்கள். அதற்குக் கூலி என் மகளா?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் படகுக்கு என் பெயரை வைத்து, முன்பலகையில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருப்பதாகப் போன வருடம் பெருமையாக எழுதினீர்கள். இந்த பஜாரில் இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்றுதான் என்னைத் தெரியும். என் பெயரை எந்த ஆண்பிள்ளையும் சொன்னதில்லை. அங்கே துறைக்குத் துறை எவனெவனோ அதைக் கூட்டிப் படிக்கிறான். அதனால்தான் நானும் மேலே உங்கள் பெயரை முழுசாக எழுதினேன். புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லக் கூடாது என்பார்கள். ஆரம்பித்தது நீங்கள்.

அந்தச் சேற்றுச் சங்கதிக்குப் பிறகு எனக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஒன்றிலும் வாக்குக் கொடுத்தது பற்றி மூச்சில்லை. இங்கே ஐப்பசி மழை கூரைத் தகரத்தைப் பிய்க்கிறது, அங்கே மழை விட்டு வானம் கழுவி வைத்தது போல் இருக்கிறதாம். ஓடைக்கு ஓடை போகிறீர்களாம், காற்று பாயை நிறைக்கிறதாம், கொக்குகள் கூடவே வருகின்றனவாம். ஆசியா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படிப்பாள். எனக்கு ஒரு தரமே போதும். மூன்று கடிதத்திலும் இடது கைப் பக்கம் அதே தங்கக் கோபுரம், அதற்கு முன்னால் அதே கூன் விழுந்த பனை. படகு ஓடுகிறதா, கட்டிப்போட்டுக் கிடக்கிறதா? கட்டிக் கிடக்கிறது என்றால் யார் வீட்டு வாசலில்?

வருடா வருடம் ஆவணி பிறந்தால் புதுப் பாய் கேட்டு எழுதுவீர்கள். நான் திட்டிக்கொண்டே தைத்து அனுப்புவேன். இந்த வருடம் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று கித்தான் துணி வாங்கி வெட்டியும் வைத்துவிட்டேன், புத்தி கெட்டவள். அது பெட்டியில் மடித்துக் கிடக்கிறது. அங்கேயே தைத்துக் கொடுக்க ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளட்டுமா? பெயருக்கு மட்டும் நான், அப்படித்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் படித்ததும் ஃபாத்திஹா ஓதி, கற்கண்டு வழங்கிவிட்டார்கள். நம் வீட்டுப் பங்கைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பினார்கள். நம் ஜமாஅத் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டால்தான் வாக்கு முடிந்தது. நான் பிரிக்கவில்லை. அடுக்களையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். முத்தவல்லி வீட்டிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து “தின்னாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த ஊர் மஞ்சு மூட்டம் உங்களுக்குத் தெரியாததா? கற்கண்டு கசிந்து காகிதம் நனைகிறது. கரைந்து போனால் அல்லாஹ்வே வாக்கை முடித்துவைத்துவிட்டான் என்று அதையும் ஒரு சாக்காகச் சொல்வார்கள். அதனால் நானே தினமும் அடுப்புப் பக்கம் மாற்றி மாட்டி அதைக் காய வைக்கிறேன். வேண்டாத கற்கண்டுக்குக் காவல் இருக்கிறேன் மச்சான், உங்கள் புண்ணியத்தில்.

ஆசியாவுக்குப் பத்தொன்பது வயது முடிகிறது. அத்தா கடிதம் என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிவருகிற பெண். செய்தி கேட்டு அழவில்லை. “அத்தாவா அப்படிச் சொன்னாங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு சாக்குத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் நான் இவ்வளவு கோபமாக எழுதியிருக்க மாட்டேன்.

கடிதம் கண்டவுடன் முத்தவல்லிக்கு வாக்கை வாபஸ் வாங்கி எழுதுங்கள். அந்த மனிதர் கப்பலேறுவதற்கு முன்னால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். நன்றிக்கடன் செலுத்த வேண்டுமானால் உங்களிடம் இருக்கிற எதையாவது கொடுங்கள். ஆசியா உங்கள் படகில் ஏற்றிய சரக்கு இல்லை.

மலைப்பாதையில் மண் சரிகிறது. துரைமாரெல்லாம் இறங்கிவிட்டார்கள், பஜாரில் ஈ ஓட்டுகிறோம். எனக்கு இடது தோள் வலி. கேட்க மாட்டீர்கள், நானே எழுதிவிட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசியாவைப் பெற்றவள்.
(பெயர் எதற்கு? உங்கள் படகில் பார்த்துக்கொள்ளுங்கள்.)


786

கோடைக்கானல் பஜார்,
1935 நவம்பர், ஷஃபான் மாதம்.

ஆசியாவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதம் உங்கள் கைக்கு வந்ததோ, அங்கே தபாலாபீசில் கிடக்கிறதோ தெரியவில்லை. வந்து படித்திருந்தால், அதில் எழுதிய எதையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கோபம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொண்டுவருகிறவர் யார் என்று பார்த்ததுமே உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அலாவுதீன் வந்து சேர்ந்தார். செண்பகனூருக்குக் கீழே பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டதால் மழையில் நடந்தே ஏறியிருக்கிறார். சமவெளி ஆள், மெல்லிய சட்டை, பல் தந்தியடிக்கிறது. அண்ணன் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்து முன்னறையில் உட்கார வைத்தார். நானும் ஆசியாவும் திரைக்குப் பின்னால். காதோரம் நரைத்த ஆள், பெண்சாதி மௌத்தாகிவிட்டாளாம். ஒரு பட்டுத்துணிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, ஈரம் படாமல் பிடித்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் திரைக்குப் பின்னாலிருந்தே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். சேற்றில் மாட்டிய படகை இழுத்ததற்குப் பெண் கேட்கிற ஊர் எந்த ஊர் என்று கேட்டேன். அண்ணன், “ஏத்தா, மெல்லப் பேசு, வந்த மனுசன் இன்னும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கல” என்று தடுத்துப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்தபடியே, “நான் கேக்கல தங்கச்சி. அவருதான் சொன்னாரு. பொண்ணுக்கும் சம்மதம்னு கடிதாசி வந்துருக்குன்னாரு. அத நம்பித்தான் வந்தேன்” என்றார். யார் எழுதினார்கள் அப்படி ஒரு கடிதம்? பொய் சொல்லவும் உங்களுக்கு என் வீட்டுப் பெயர்தான் கிடைத்ததா?

நான் அடுத்த பாட்டுக்கு மூச்சு வாங்கியபோது ஆசியா குறுக்கே பேசினாள். அந்நிய ஆள் முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “உங்களக் கப்பலேத்தி விட அத்தா ரங்கூன் வரைக்கும் வந்தாங்களா?” என்று கேட்டாள். சின்னக் கேள்விதான். வந்தார் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு, “சொல்லப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரும்மா” என்றார். சத்தியத்தை அதற்கு மேல் காப்பாற்ற நான் விடவில்லை.

படகு இல்லை. இந்த வருட ஆவணியிலேயே ஓடையில் உடைந்து போயிற்று. துணிச் சரக்கு போயிற்று. சாய்ந்த பாய்மரம் விழுந்து உங்கள் வலது கால் தொடைக்குக் கீழே நசுங்கிவிட்டது. அன்றையிலிருந்து அலாவுதீனின் ஓடைக்கரைக் குடிசையில்தான் கிடக்கிறீர்கள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, கம்பு ஊன்றியும் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கோபுரமும் கூன் பனையும் கண்டவர் படகும் பார்த்துத்தான், ஓடைக்கு ஓடை உலாவுவதாக எனக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள். யார் வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கிறது என்று நான் எழுதினேனே, அந்த வரியைப் படித்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

எதற்காக மறைத்தீர்கள்? பாய் தைக்கிறவன் பாய் தைத்தால் போதும், சொந்தப் படகு வேண்டாம் என்று நான் சொன்னேனே, அதற்காகவா? நான் சொன்னது நடந்துவிட்டது என்று குத்திக்காட்டுவேன் என்று பயந்தீர்களா? குத்திக்காட்டித்தான் இருப்பேன். அழுதுகொண்டே குத்திக்காட்டியிருப்பேன். அதைக்கூடத் தாங்க முடியாத ஆள், பெற்ற மகளைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். உங்களுக்குக் கஞ்சி ஊற்றிப் புண் கழுவிய மனிதருக்குக் கொடுக்கக் கையில் வேறொன்றும் இல்லை, அதனால் அவளைக் கொடுத்தீர்கள். எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, துணி மூட்டை ஒன்றையாவது இழுத்துக் கரையில் போடுங்கள் என்று அவர் கத்தினாராம். நீங்கள் முன்பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தீர்களாம். அப்போதுதான் பாய்மரம் விழுந்ததாம். “அந்தப் பலகை இப்பவும் அவரு தலமாட்டுலதான் கெடக்கு தங்கச்சி, யாரையும் தொட விடமாட்டாரு” என்றார். மூளை இருக்கிற மனிதன் துணி மூட்டையை எடுத்திருப்பான். இதைக் கேட்டுவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அடுப்புப் புகை கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் மகள் செய்தது. தேநீர் போட்டாள். தட்டில் குவளையை வைத்து, பக்கத்தில் அந்தக் கற்கண்டுப் பொட்டலத்தையும் ஆணியிலிருந்து எடுத்து வைத்தாள். காகிதம் கறுத்து, புகை படிந்து, கட்டின நூல் கட்டினபடி இருந்தது. அண்ணன் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து, “எங்க அத்தாவக் கரையேத்தினவங்களுக்கு நான் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேப்பேங்க. நிக்காஹ் வேணாங்க” என்றாள். முழுசாகச் சொன்னாள். அண்ணன் நம் வழக்கத்தைச் சொல்ல, அந்த மனிதர் பொட்டலத்தை எடுத்துக் கட்டின நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு, “பொட்டலம் பிரியல. வாக்கு முடியல” என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், உங்கள் கடிதத்தைப் படித்த அதே இடத்தில் நின்று, வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். முத்தவல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தூக்கியபடியே இருக்கட்டும்.

நல்ல மனிதர்தான். அவர் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல எனக்கு வரவில்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள். பட்டுத்துணியைத் திருப்பி எடுத்துப்போக மாட்டேன் என்கிறார், மகளுக்கு மாமன் கொடுத்ததாக இருக்கட்டும் என்கிறார். அண்ணன் கோட்டை நான் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அவர் கையில் இரண்டு சாமான் அனுப்பியிருக்கிறேன். ஒன்று, அந்தக் கற்கண்டு. யார் கேட்டு வாங்கினாரோ அவரே தின்னட்டும், ஒரு துண்டு விடாமல். இன்னொன்று, பாய்க்கென்று நான் வெட்டி வைத்திருந்த கித்தான். அதை இப்போது பாயாகத் தைக்கவில்லை, டோலியாகத் தைத்திருக்கிறேன். பாதை போடுவதற்கு முன்னால் துரைசானிகளைத் தூக்கி வருவார்களே, அந்த மாதிரி. இரண்டு ஓரத்திலும் மூங்கில் நுழைக்க உறை வைத்து, கால் பக்கம் மட்டும் பஞ்சு திணித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன், வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தோள் வலியோடு தைத்தது. தையல் கோணலாக இருக்கிறது என்று சொன்னால் அங்கேயே கிடங்கள்.

அதில் படுத்து வாருங்கள். கப்பல் வரைக்கும் அலாவுதீன் ஆள் வைத்துத் தூக்கி வருவதாகவும், இந்தப் பக்கம் இறங்கியதும் ரயிலேற்றிவிட ஆள் சொல்லிவைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். கோடை ரோடு ஸ்டேஷனில் அண்ணன் நிற்பார். ஜனங்கள் பார்ப்பார்களே, சிரிப்பார்களே என்று யோசிக்காதீர்கள். சிரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், அதற்கு எனக்குக் கால் வேண்டாம், வாய் போதும். நோன்பு வருகிறது. முதல் நோன்புக்கு வர முடியாது, தெரியும். பெருநாளைக்கு வந்துவிடுங்கள். கம்பு ஊன்றி நிற்க முடிந்தால் ஏரிக்கரை வரை ஆசியா கூட்டிப்போவாள். இங்கே தண்ணீர் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை. நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம்.

அல்லாஹ் உங்களைக் கரை சேர்க்கட்டும். வரும்போது அந்தப் பலகையை மறக்காதீர்கள். என் பெயரை அந்தச் சேற்றில் தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
அமீருன்னிசா.